சிட்டிக்குள்ள ஃபேக்டரிக்கு நிலம்: சிங்கப்பூர்ல எப்படி இத்தனை வருஷம் முன்னாடியே கணக்கு போட்டு வைக்கிறாங்க?

அம்பத்தூர் பிரஸ்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி ஒரு வாடகை ஷெட்ல ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் பண்றேன். பவர் பிரஸ், ஷியரிங் மெஷின், வண்டி கம்பெனிங்களுக்கு பிராக்கெட், கிளாம்ப் மாதிரி சின்ன ஐட்டம் அடிச்சு குடுக்கறது. நாங்க வந்தப்ப அந்த தெரு முழுக்க பட்டறை தான், லேத், பிளேட்டிங், டை மேக்கர் எல்லாம் டூவீலர்ல அஞ்சு நிமிஷத்துல போற தூரம், இப்ப ஒரு பக்கம் அபார்ட்மெண்ட் வந்துடுச்சு, எதிர்ல கார் ஷோரூம் குடோன். நைட் ஷிப்ட் ஓட்ட முடியல, 63 டன் பிரஸ் அடிச்சா மேல் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிருதுன்னு கம்ப்ளெயிண்ட் வருது, கைக்குழந்தை இருக்கற வீடு, அவங்க சொல்றதும் நியாயம் தான். ஷெட் ஓனர் கிட்டயும் பில்டருங்க வந்து விலை பேசிட்டு போறாங்க. திருவள்ளூர் தாண்டி போனா இடம் கிடைக்கும் ஆனா என் ஆளுங்க பாதி பேர் வர மாட்டாங்க, டை ரிப்பேருக்கு ஒரு நாள் போயிடும்.

என் மச்சான் சிங்கப்பூர்ல இருக்கான், அவன் சொல்றான் அங்க ஊரே 735 சதுர கிலோமீட்டர் சொச்சம் தான், நம்ம பழைய சென்னை பெருநகர எல்லைய விட சின்னது, ஆனா அதுக்குள்ளயே ரிஃபைனரி, சிப் ஃபேக்டரி, கப்பல் பட்டறை, கார் மெக்கானிக், ரொட்டி ஃபேக்டரி எல்லாத்துக்கும் இடம் ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு. நிலம் அவ்ளோ விலை போற ஊர்ல அது எல்லாம் ஏன் அபார்ட்மெண்டா மாறல? யார் கணக்கு போடறாங்க, எத்தனை வருஷத்துக்கு போடறாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொன்னா நல்லா இருக்கும், எங்க அசோசியேஷன்ல பேசணும்.

துவாஸ் மணி

பிரஸ்காரன் சார், நான் சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு மெயிண்டனன்ஸ் கம்பெனில இருக்கேன், ரொம்ப வருஷமா இந்த ஃபேக்டரி பக்கமே தான் பொழப்பு, அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, இங்க நிலம் கிட்டத்தட்ட 90 சதவீதம் அரசாங்கத்தோடது. 1966ல கொண்டு வந்த நில எடுப்பு சட்டம் தான் அதுக்கு பெரிய காரணம். அது இல்லாம மத்த கதை எதுவும் நடந்திருக்காது. சிங்கப்பூரோட மேற்கு பக்கம் இருக்கற ஜூரோங் ஒரு காலத்துல சதுப்பு நிலம், இறால் குட்டை, சின்ன சின்ன கிராமம். 1961ல அப்போதைய நிதி அமைச்சர் கோ கெங் ஸ்வீ அதை தூர்த்து தொழிற்பேட்டை ஆக்கணும்னு ஆரம்பிச்சார், முதல்ல கம்பெனிங்க வரவே இல்ல, இது கோ பண்ண முட்டாள்தனம்னு ஊரே பேசிச்சு. ஆனா ரோடு, தண்ணி, கரண்ட், துறைமுகம் எல்லாம் ரெடியா இருந்ததால 1968ல ஜூரோங் டவுன் கார்ப்பரேஷன், அதான் இப்ப எல்லாரும் ஜேடிசின்னு சொல்ற, தொழில் நிலத்தை பாத்துக்கற அரசு நிறுவனம், அது ஆரம்பிக்கிறப்ப 150க்கு மேல ஃபேக்டரி ஓடிட்டு இருந்துச்சு. அதாவது கம்பெனி வந்து கேட்டப்புறம் நிலம் தேடறது கிடையாது, நிலத்தை தயார் பண்ணி வச்சுட்டு கம்பெனிக்கு காத்திருக்கறது. 60 வருஷமா அதே பழக்கம் தான்.

பிளான் ரெண்டு அடுக்கு. மேல ஒரு நீண்டகால திட்டம், முதல்ல 1971ல போட்டது, அது 40 50 வருஷம் முன்னாடி பாக்கும், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை திருத்துவாங்க. அதுக்கு கீழ மாஸ்டர் பிளான், 10 முதல் 15 வருஷத்துக்கு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை. அதுல ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் கலர் அடிச்சு இது என்ன யூஸ், நிலத்தோட பரப்பை போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம்னு போட்டிருக்கும், யார் வேணா ஆன்லைன்ல பாக்கலாம். 2013ல வெளியிட்ட நிலப் பயன்பாட்டு திட்டத்துல தொழிலுக்கும் வணிகத்துக்கும் சேர்த்து 2010ல 9,700 ஹெக்டேர் இருந்ததை 2030க்கு 12,800 ஹெக்டேர் ஆக்கணும்னு கணக்கு. வீடுங்களுக்கு அதே காலத்துக்கு 13,000. வீட்டுக்கும் தொழிலுக்கும் கிட்டத்தட்ட சமமா வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதை முதல் தடவை பாத்தப்ப ஆச்சரியமா இருந்துச்சு.

இடம் பத்தலன்னா கடலை தூர்க்கறாங்க. ஜூரோங் தீவு முன்னாடி ஏழு குட்டி தீவு, நடுவுல இருந்த கடலை 1995ல இருந்து தூர்த்து 2009ல முடிச்சாங்க, இப்ப 3,000 ஹெக்டேருக்கு மேல, முழுக்க கெமிக்கல் எண்ணெய் கம்பெனிங்க. 2007ல இந்தோனேசியா மணல் ஏற்றுமதிய நிறுத்துனப்புறம் தூர்க்கறதும் சுலபமா இல்ல. அதனால கீழ இறங்குனாங்க, அதே தீவுக்கு அடில 130 மீட்டர் ஆழத்துல பாறைய குடைஞ்சு அஞ்சு குகை, 14.7 லட்சம் கன மீட்டர் எண்ணெய் நிக்கும், 2014ல திறந்தாங்க. அதே எண்ணெய்க்கு மேல டேங்க் கட்டியிருந்தா 60 ஹெக்டேர் போயிருக்கும், நம்ம கணக்குல 150 ஏக்கர்.

உங்க கண்ணாடி அதிர்ற பிரச்சனைக்கு இங்க ரூல் இருக்கு. சுற்றுச்சூழல் துறை கணக்குல லைட் இண்டஸ்ட்ரினா வீட்டுல இருந்து குறைஞ்சது 50 மீட்டர், ஜெனரல்னா 100, ஸ்பெஷல்னா 500 மீட்டர் தள்ளி இருக்கணும். மாஸ்டர் பிளான்ல பி1னு போட்ட இடத்துல 50 மீட்டருக்குள்ள அடங்குற தொழில் தான், அதுக்கு மேல போறது எல்லாம் பி2. பிளாக்கும் வீடும் வர்றதுக்கு முன்னாடியே இடைவெளிய வரைஞ்சிடறாங்க, அப்புறம் வந்து சண்டை போட வேண்டியதில்ல.

உட்லண்ட்ஸ் சிஎன்சி

மணி அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா சின்ன கடை வச்சிருக்கவன் பக்கமும் சொல்றேன். நான் ஒரு அடுக்குமாடி ஃபேக்டரில ரெண்டு யூனிட் வாடகைக்கு எடுத்து சிஎன்சி மில்லிங் பண்றேன்.

இங்க ஃபேக்டரி நிலத்தை சொந்தமா வாங்கி பேரன் பேத்திக்கு வைக்கறது பெரும்பாலும் முடியாது. அனேகமா எல்லாம் குத்தகை. அரசாங்கம் ஏலம் விடற இண்டஸ்ட்ரியல் சைட்டுக்கு 2012 பாதி வரைக்கும் 60 வருஷம் குடுத்தாங்க, அப்புறம் அதிகபட்சம் 30ஆ குறைச்சாங்க, சின்ன சைட் சிலது 20 சொச்சம் தான். காரணம் என்னன்னா இன்னைக்கு தேவைப்படற தொழில் 30 வருஷம் கழிச்சு இருக்குமான்னு யாருக்கும் தெரியாது, நிலம் திரும்பி கைக்கு வந்தா புது தொழிலுக்கு குடுக்கலாம். குத்தகை முடிஞ்சா கட்டடத்தை இடிச்சு காலி மனையா குடுக்கணும், மண்ணுல எண்ணெய் கெமிக்கல் இறங்கியிருக்கான்னு துளை போட்டு சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க, வர்றப்ப எடுத்த ரிப்போர்ட்டையும் போறப்ப எடுத்ததையும் வச்சு பாப்பாங்க, அழுக்கு பண்ணியிருந்தா நீங்க தான் சுத்தம் பண்ணணும். நகரத்துக்கு ரொம்ப நல்லது. ஆனா ஒரு அஞ்சு ஆறு வருஷம் தான் மிச்சம்னா எந்த முதலாளி புது மெஷின் போடுவான், எந்த பேங்க் லோன் குடுக்கும்? எனக்கு முன்னாடி இருந்த பழைய தாழ்வான ஷெட் எஸ்டேட்ல கடைசி சில வருஷம் கூரை ஒழுகினா கூட மாத்தாம தார்ப்பாய் போட்டு ஓட்டினோம், எப்படியும் இடிக்கப் போறாங்கன்னு.

அப்புறம் யூஸ் கட்டுப்பாடு. கட்டட பரப்புல 60 சதவீதம் நிஜமான உற்பத்தி, ஸ்டோரேஜ் மாதிரி வேலைக்கு தான் இருக்கணும், ஆபீஸ், கேண்டீன், ஷோரூம் எல்லாம் சேர்ந்து மிச்ச 40க்குள்ள. ஃபேக்டரின்னு எடுத்து கல்யாண ஸ்டுடியோவும் துணிக்கடையும் நடத்தினா நோட்டீஸ் வரும். உள்வாடகைக்கு விடறதுக்கும் வரம்பு இருக்கு. 2013 ஜனவரில இருந்து இண்டஸ்ட்ரியல் யூனிட்டை வாங்கி மூணு வருஷத்துக்குள்ள வித்தா 15, 10, 5 சதவீதம்னு ஸ்டாம்ப் டூட்டி, வாங்கி வித்து விளையாடறவங்களை குறைக்கத்தான் அது. இது இல்லன்னா என் வாடகை இன்னும் எங்கயோ போயிருக்கும்னு நம்பறேன். இருந்தாலும் வாடகை ஏத்தறப்ப வலிக்குது, ஓனர் தனியார், புதுப்பிக்கும்போது அவர் சொல்றது தான் விலை.

பிளானர் கவி

நான் நகரமைப்பு படிச்சவ, சென்னைல தான் வேலை. பிரஸ்காரன் அண்ணா கேட்ட "எப்படி கணக்கு போடறாங்க" கேள்விக்கு வர்றேன், ஏன்னா அந்த கணக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி தான்.

எந்த தொழில்ல எத்தனை வேலை வரும்னு மதிப்பிடறது, ஒரு ஆளுக்கு எவ்ளோ இடம் வேணும்னு தொழில் வாரியா பாக்கறது, பெருக்குறது, அதை நிலத்துல எத்தனை மடங்கு கட்ட முடியுமோ அதால வகுக்கறது. சும்மா உதாரணத்துக்கு 1,000 பேர், ஆளுக்கு 40 சதுர மீட்டர்னா 40,000 சதுர மீட்டர் கட்டடம். ஒரு மடங்கு தான் கட்ட முடியும்னா 4 ஹெக்டேர், சிங்கப்பூர் மாதிரி 2.5 மடங்குன்னா 1.6 ஹெக்டேர் போதும். குடோனுக்கு ஆள் கம்மி இடம் அதிகம், எலக்ட்ரானிக்ஸ்க்கு தலைகீழ். இது வரைக்கும் ஈஸி.

கஷ்டம் எங்கன்னா, ரெண்டு விஷயத்தை பெரும்பாலும் விட்டுடுவாங்க. ஒண்ணு காலி இடம். எல்லா ஷெட்டும் நிறைஞ்சிருந்தா அது நல்ல நிலைமை இல்ல, ஒருத்தர் விரிவாக்கணும்னாலோ மாறணும்னாலோ இடமே இருக்காது, வாடகை மட்டும் ஏறும். லண்டன்ல கட்டட பரப்புல 8 சதவீதம், நிலத்துல 5 சதவீதம் காலியா இருக்கறது ஆரோக்கியம்னு ஒரு அளவு வச்சிருந்தாங்க. சிங்கப்பூர்ல நிரம்பின அளவு 90 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், ஜேடிசி மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த நம்பரையும் வாடகையையும் வெளியிடும், அதை பாத்து தான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எத்தனை சைட் ஏலம் விடறதுன்னு முடிவு பண்றாங்க. அதுலயும் ரெண்டு பட்டியல், ஒண்ணு கண்டிப்பா விடறது, இன்னொண்ணு யாராவது ஒரு குறைந்தபட்ச விலைக்கு கை தூக்கினா மட்டும் விடறது. தேவை சரிஞ்சா ரெண்டாவது பட்டியல் அப்படியே கிடக்கும். இது எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு, பத்து வருஷ கணிப்பு தப்பா போனா கூட ஆறு மாசத்துல திருத்திக்க முடியுது.

ரெண்டாவது, ஊரை நடத்தற தொழில். பஸ் டெப்போ, குப்பை பிரிக்கற இடம், லாண்டரி, கேட்டரிங் கிச்சன், ரெடிமிக்ஸ் பிளாண்ட். கலந்த காங்கிரீட்டை ரெண்டு மணி நேரம் மாதிரி நேரத்துக்குள்ள கொட்டியாகணும், பிளாண்டை 80 கிலோமீட்டர் தள்ளி வச்சா சிட்டி டிராஃபிக்ல லாரிலயே இறுகும். அபார்ட்மெண்ட் கட்டறதுக்கே பக்கத்துல ஒரு இண்டஸ்ட்ரியல் நிலம் வேணும். இதெல்லாம் பெரிய முதலீட்டு மாநாட்டு லிஸ்ட்ல வராது, அதனால பிளான்லயும் வராம போயிடுது.

லண்டன் கதைய கண்டிப்பா உங்க அசோசியேஷன்ல சொல்லுங்க. அங்க நிலம் பெரும்பாலும் தனியார் கைல, நம்ம மாதிரி. 2001 முதல் 2015 வரைக்கும் 1,300 ஹெக்டேருக்கு மேல தொழில் நிலம் வீடாவும் வேறயாவும் மாறிடுச்சு, அவங்களே போட்ட வரம்பை விட ரொம்ப அதிகம். அப்புறம் முழிச்சுகிட்டு புது திட்டத்துல தொழில் கட்டட பரப்பு மொத்தத்துல ஒரு அடி கூட குறையக் கூடாதுன்னு எழுதினாங்க, 2020ல மத்திய அரசு அந்த வரிய எடுக்க சொல்லிடுச்சு, 2021ல வந்த இறுதி திட்டத்துல அது இல்ல. ஆனா முக்கியமான தொழில் பகுதிங்களை தனியா எல்லை கட்டி காப்பாத்தறது மட்டும் நிக்குது. வீடு கட்டினா வர்ற விலை ஷெட் விலைய விட எத்தனையோ மடங்கு, அதனால சட்டம் பிடிச்சு நிறுத்தலன்னா மார்க்கெட் ஒரு பக்கமா தான் ஓடும். ஒரு தடவை வீடு வந்துட்டா அந்த நிலம் திரும்ப பட்டறை ஆகவே ஆகாது.

அம்பத்தூர் பிரஸ்காரன்

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்ளோ விவரம் எதிர்பாக்கல. ரெண்டு சந்தேகம். அடுக்குமாடி ஃபேக்டரின்னு சொல்றீங்களே, பவர் பிரஸ் மாடில ஏறுமா? இன்னொண்ணு கவி மேடம், நம்ம ஊர்ல இப்படி எல்லை கட்டினது இல்லவே இல்லயா?

உட்லண்ட்ஸ் சிஎன்சி

பிரஸ் மாடிக்கு வேணாம் சார். சாதாரண அடுக்குமாடில தரை தாங்கற எடைக்கு ஒரு அளவு எழுதி ஒட்டியிருப்பாங்க, என் மில்லிங் மெஷினுக்கே இன்ஜினியர் கிட்ட கணக்கு வாங்கி பீம் மேல வர்ற மாதிரி வச்சேன். பிரஸ்ஸுக்கு எடை மட்டும் பிரச்சனை இல்ல, அடி விழற அதிர்ச்சி, அது மேல கீழ இருக்கற யூனிட்ல அளவு பாக்கற கருவி வச்சிருக்கவனை எல்லாம் பாதிக்கும். அதுக்கு இங்க தரைத்தள யூனிட், இல்லன்னா ராம்ப், அதான் வண்டி ஏற சரிவுப் பாதை வச்ச அடுக்கு ஃபேக்டரி, 40 அடி கண்டெய்னர் லாரி நேரா மாடி வாசல் வரைக்கும் ஏறி வரும், கூரையும் உயரம், தரையும் கெட்டி. எலக்ட்ரானிக்ஸ், பேக்கிங், பிரிண்டிங், மெஷினிங், சமையல் இதெல்லாம் மேல ஏத்திட்டா கீழ உங்களுக்கு இடம் விடும், அப்படி தான் யோசிக்கணும். யார் மேல போகலாம் யார் கீழயே இருக்கணும்னு பிரிக்காம மொத்தமா பத்து மாடி கட்டினா பாதி காலியா கிடக்கும்.

பிளானர் கவி

இருக்கு அண்ணா. கிண்டி எஸ்டேட் 1958, அம்பத்தூர் எஸ்டேட் 1960கள்ல போட்டது, அந்த காலத்துக்கு நல்ல தொலைநோக்கு. 2008ல அறிவிச்ச இரண்டாவது மாஸ்டர் பிளான்லயும் தொழில் பகுதி, அபாயகரமான தொழில் பகுதின்னு தனித்தனியா கலர் இருக்கு. பிரச்சனை அப்புறம் நடந்தது. எஸ்டேட்ல மனைங்க பலதும் கிரயமாவே போயிடுச்சு, வாங்கினவங்க பிள்ளைங்க தொழில் பண்ணலன்னா ஐடி ஆபீஸுக்கோ ஷோரூமுக்கோ குடுக்கறாங்க, கிண்டில போய் பாத்தாலே தெரியும். தமிழ்நாடு அரசோட தொழிற்பேட்டை நிறுவனம் சிப்காட் குடுக்கறது 99 வருஷ குத்தகை, அது ஒரு தலைமுறைக்கு மேல, நடுவுல திரும்பி வராது. 30 ரொம்ப கம்மி, 99 ரொம்ப அதிகம், நடுவுல ஒரு அளவும் மெஷின் போட்டு ஆள் வச்சு நடத்தறவருக்கு புதுப்பிக்க உறுதியும் இருந்தா நம்ம ஊருக்கு சரியா வரும்னு நினைக்கிறேன்.

உங்க மாதிரி எஸ்டேட்டுக்கு வெளில இருக்கற பட்டறைங்க தான் யார் கணக்குலயும் இல்ல. கலப்பு குடியிருப்பு பகுதில மோட்டார் ஹெச்பி அளவு வச்சு அனுமதி, அதை தாண்டி வளர்ந்தா போறதுக்கு பக்கத்துல இடம் கிடையாது. 2022 அக்டோபர்ல பெருநகர எல்லைய 1,189ல இருந்து 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சாங்க, உடனே தொழில் எல்லாம் அரக்கோணம், செங்கல்பட்டு பக்கம் போயிடலாம்னு நினைக்கறது ஆபத்து. பெரிய கார் கம்பெனிக்கு ஒரகடம் சரி, அவங்க பஸ் வச்சு ஆள் கூட்டிட்டு வருவாங்க. பத்து பேர் வச்சு நடத்தறவருக்கு அது சாத்தியமே இல்ல.

வயல்வெளி

குறுக்க வர்றேன் மன்னிக்கணும். நிலத்தை முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கறதுன்னு எல்லாரும் சுலபமா சொல்றீங்க, எங்க தாத்தா நிலம் அப்படி தான் ஒரு இண்டஸ்ட்ரியல் பார்க்குக்கு போச்சு, எடுத்து பல வருஷம் வேலி போட்டு சும்மா கிடந்துச்சு, கருவேலம் மொளச்சது தான் மிச்சம், அந்த வருஷங்கள்ல கூட நாங்க நெல்லு போட்டிருக்கலாம். 2023ல செய்யாறு பக்கம் மேல்மால சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிங்க மேல குண்டர் சட்டமே போட்டாங்க. சிங்கப்பூர்லயும் அந்த தீவுங்கள்ல ஆளுங்க குடியிருந்தவங்க தானே, அவங்க எங்க போனாங்க? உள்ள இருக்கற பழைய எஸ்டேட்டை ஐடிக்கும் ஃபிளாட்டுக்கும் விட்டுட்டு, பத்தலன்னு வெளில வந்து வயல்ல கை வைக்கறது என்ன நியாயம்?

துவாஸ் மணி

வயல்வெளி தம்பி கேட்டது சரியான கேள்வி. ஆமா, தீவுக்காரங்களை எல்லாம் கிளப்பி மெயின்லேண்டுல அடுக்குமாடி வீட்டுல குடியேத்தினாங்க, கடல்ல மீன் பிடிச்சவங்க ஃபேக்டரி வேலைக்கு மாறினாங்க. இப்ப புதுசா எடுக்க நிலம் இல்லாததால தான் இங்க பழசையே திரும்ப திரும்ப உடைச்சு அடர்த்தியா கட்டறாங்க, சுங்கை காடுட்ல பழைய மரக்கடை, ஃபர்னிச்சர் எஸ்டேட் 500 ஹெக்டேரை அப்படி தான் மாத்தறாங்க. சென்னைக்கு அது கட்டாயம் இல்லாததால யாரும் செய்யறதில்ல.

பிளானர் கவி

வயல்வெளி சொன்னதையே அசோசியேஷன் மனுவுல முதல் வரியா போடுங்க அண்ணா: நகரத்துக்குள்ள இருக்கற ஒவ்வொரு தொழில் ஏக்கரையும் காப்பாத்தினா வெளில அவ்ளோ வயல் தப்பிக்கும். மூணாவது மாஸ்டர் பிளான் வேலை நடந்துட்டு இருக்கு, வரைவு வெளியானதும் ஆட்சேபணை குடுக்க டைம் விடுவாங்க, ஆனா அப்ப ஓடறதை விட இப்பவே ஒரு பட்டியல் எடுக்கறது நல்லது. தெரு வாரியா எந்த தொழில், எத்தனை ஆள், எத்தனை ஹெச்பி, சொந்தமா வாடகையா, எந்த வேலைக்கு யார் கிட்ட போறீங்கன்னு. டை மேக்கர் அஞ்சு நிமிஷ தூரம்னு நீங்க எழுதினீங்கல்ல, அந்த மாதிரி தொடர்பை மேப்ல கோடு போட்டு காட்டினா ஆபீசருங்களால அதை ஒதுக்க முடியாது.

அதுக்கு முன்னாடி உங்க ஷெட் எந்த பகுதில வருதுன்னு சிஎம்டிஏ, அதான் சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம், அவங்க சைட்ல நில பயன்பாட்டு மேப்ல பாருங்க. சர்வே நம்பரை இங்க போட வேணாம், தொழில் பகுதியா, கலப்பு குடியிருப்பான்னு மட்டும் சொல்லுங்க. தொழில் பகுதின்னா பக்கத்து அபார்ட்மெண்டுக்கு எந்த அடிப்படைல அனுமதி குடுத்தாங்கன்னு ஆர்டிஐ போடலாம், கலப்புன்னா வேற வழி பாக்கணும்.